பிளேக் தடுப்பூசி தந்த ஹாஃப்கின்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் சமுதாயத்திற்கு உழைத்த பெருமக்களின் வரலாறுகளோடு ஓர் அயல்நாட்டாரின் வரலாற்றையும் இம்மலரில் சேர்க்க விரும்பினோம். அவர் பெயர் வால்டெமார் ஹாஃப்கின். காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி கண்டு, இந்திய மண்ணில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். பிறந்த குலத்தின் பெயரால் சொந்த நாட்டில் கதவடைக்கப்பட்டவர். செய்யாத குற்றத்தைச் சுமந்து ஐந்தாண்டுகள் தலைகுனிந்து நின்று, பின் உண்மையால் மீட்கப்பட்டவர்.

நம் சங்கத்தின் உதவி பெற்றுப் படித்த பிள்ளைகளில் சிலர் இன்று மருத்துவ ஆய்வுக்கூடங்களில் பணிபுரிகின்றனர். கிருமிகளை வளர்ப்பதற்கான ஊட்டநீரைக் காய்ச்சி, குடுவைகளில் நிரப்பி, அடைப்பிட்டு வைப்பது அவர்களின் அன்றாட வேலை. அவ்வேலையைச் சிறு வேலையென்று எண்ணுவோர் உண்டு. ஹாஃப்கினின் புகழும் பழியும் அந்த ஊட்டநீர்க் குடுவையிலிருந்தே பிறந்தன என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் தடையும்

ஹாஃப்கின் 1860-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் பிறந்தார். பிறந்த ஊர் அன்றைய ரஷ்யப் பேரரசில் அடங்கியிருந்த, இன்று உக்ரைன் நாட்டிலுள்ள ஒடெஸ்ஸா நகரம். பெற்றோர் யூதர்கள். அக்காலத்தில் ரஷ்யப் பேரரசில் யூதர்கள் விரும்பிய இடத்தில் குடியிருக்க முடியாது. விரும்பிய பதவியை அடைய முடியாது. சட்டமே அவர்களை ஒதுக்கி வைத்திருந்தது. ஊருக்கும் சேரிக்கும் இடையே கோடு கிழித்த நாட்டில் பிறந்த நமக்கு, அந்நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒடெஸ்ஸாப் பல்கலைக்கழகத்தில் அவர் விலங்கியல் பயின்றார். அங்கு அவருக்கு ஆசானாக வாய்த்தவர் இலியா மெச்னிகோவ். உடலுக்குள் புகும் கிருமிகளை இரத்த வெள்ளணுக்கள் விழுங்குகின்றன என்பதைக் கண்டறிந்து, பின்னாளில் 1908-இல் நோபல் பரிசு பெற்ற அறிஞர் அவர். 1881-இல் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டபின், அப்பழியை யூதர்மேல் சுமத்தி, பல ஊர்களில் அவர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. ஒடெஸ்ஸாவில் தம் மக்களைக் காக்க இளைஞர்கள் அமைத்த தற்காப்புக் குழுவில் ஹாஃப்கினும் சேர்ந்தார், காயமுற்றார், சிறையும் புகுந்தார். மெச்னிகோவின் தலையீட்டால் விடுதலை பெற்றார்.

படிப்பில் தேறியும் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. ரஷ்யத் திருச்சபையின் மதத்தைத் தழுவினால் அப்பதவி கிடைக்கும் என்ற நிலை இருந்தது. அவர் அதனை ஏற்கவில்லை. ஒடெஸ்ஸாவின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் சிறிய பணியொன்றில் அமர்ந்து ஆண்டுகளைக் கழித்தார். 1888-இல் நாட்டைவிட்டு வெளியேறி, சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் உடலியல் கற்பித்தார். மறு ஆண்டு பாரிசு சென்றார். அங்குப் பாஸ்டர் நிலையத்தில் மெச்னிகோவ் ஏற்கெனவே சேர்ந்திருந்தார். ஆயினும் ஹாஃப்கினுக்குக் கிடைத்த வேலை உதவி நூலகர் வேலையே. அவர் தயங்கவில்லை. நூல்களை அடுக்கும் நேரம் போக எஞ்சிய நேரத்தை ஆய்வுக்கூடத்தில் கழித்தார், விரைவில் ஆய்வாளரானார்.

கிருமிக்கு உணவு

இங்கு, கிருமிகளை வளர்க்கும் கலையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நோயாளியின் உடலிலிருந்து எடுக்கும் ஒரு துளியில் பலவகைக் கிருமிகள் கலந்திருக்கும். அவற்றுள் நோய்க்குக் காரணமான ஒன்றைத் தனியே பிரித்து, பெருகச் செய்தால்தான் அதன் இயல்பை ஆராயவோ அதற்கு மருந்து காணவோ முடியும். பெருகுவதற்கு உணவு வேண்டும். அந்த உணவையே வளர்ப்பு ஊடகம் என்று அறிவியலார் அழைக்கின்றனர்.

ஊடகம் செய்யும் முறை சமையலை ஒத்ததே. கொழுப்பு நீக்கிய இறைச்சியை நறுக்கி, நீரில் ஊறவைத்துக் காய்ச்சி, சாறு வடிப்பர். அதில் சிறிது உப்பும், பெப்டோனும் சேர்ப்பர். பெப்டோன் என்பது முன்னமே செரிக்கப்பட்ட புரதம். நம் வயிறு செய்யும் வேலையை முன்கூட்டியே செய்து கிருமிக்கு ஊட்டுவது போன்றது அது. இறைச்சிச் சாறு இயல்பில் சற்றுப் புளிப்பானது. பெரும்பாலான நோய்க்கிருமிகளுக்குப் புளிப்பு ஆகாது. எனவே காரம் சேர்த்துப் புளிப்பை முறிப்பர். பின்னர்க் குடுவையில் ஊற்றி, வாயைப் பஞ்சால் அடைத்து, நீராவியில் வேகவைப்பர். காற்று பஞ்சின் வழியே நுழையும். காற்றிலுள்ள தூசும் கிருமியும் பஞ்சில் தங்கிவிடும். இவ்வாறு எல்லா உயிரையும் ஒழித்த உணவில், நாம் விரும்பிய ஒரே கிருமியை விதைத்தால், அது மட்டுமே விளையும்.

நீர்ம ஊடகத்தில் கிருமிகள் கலந்துவிடுவதால், அவற்றைப் பிரித்தெடுக்க ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் கெட்டியான ஊடகத்தைக் கையாண்டார். முதலில் வெந்த உருளைக்கிழங்குத் துண்டு, பிறகு ஜெலட்டின் கலந்த சாறு. ஜெலட்டின் வெப்பத்தில் இளகிவிடும்; சில கிருமிகள் அதனையே தின்று கரைத்துவிடும். அக்குறையைத் தீர்த்தவர் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸெ என்பாரின் மனைவி ஃபன்னி ஹெஸ்ஸெ. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாரைத் தம் சமையலறையில் கையாண்டு பழகியிருந்த அவர், அதனைப் பயன்படுத்தலாமே என்று 1881-இல் வழி காட்டினார். அன்று முதல் இன்றுவரை உலகெங்குமுள்ள ஆய்வுக்கூடங்களில் அகாரே ஆட்சி செய்கிறது. கல்லூரிப் பட்டம் பெறாத ஒரு பெண்மணியின் அடுப்படி அறிவு அறிவியலை உயர்த்திய வரலாறு இது.

காலராவும் கல்கத்தாக் குடிசைகளும்

பாரிசில் ஹாஃப்கின் காலராக் கிருமியை வளர்த்தார். கினிப்பன்றிகளின் வயிற்றறையில் அடுத்தடுத்துச் செலுத்தி அதன் வீரியத்தை மிகுவித்தார். மற்றொரு பங்கை வெப்பத்திலும் காற்றோட்டத்திலும் வைத்து வலுவிழக்கச் செய்தார். முதலில் வலுவிழந்ததையும் சில நாள் கழித்து வீரியமிக்கதையும் ஊசி மூலம் செலுத்தினால் விலங்குகள் காலராவைத் தாங்கி நின்றன. மனிதரும் தாங்குவரா என்பதை அறிய 1892-ஆம் ஆண்டு ஜூலை 18-இல் தம் உடலிலேயே அதனைச் செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் கண்டன. சில நாட்களில் நலமானார். பிறர் உடலில் சோதிக்குமுன் தம் உடலில் சோதித்த இந்நெறியை அவர் பின்னரும் கைவிடவில்லை.

1893-இல் அவர் இந்தியா வந்தார். வட இந்திய நகரங்களில் ஊசியிட்ட பிறகு, 1894-இல் கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளுக்குச் சென்றார். கட்டல் பகான் என்னும் குடிசைப் பகுதியில் குளத்து நீரையே மக்கள் எல்லாவற்றிற்கும் பயன்படுத்தினர். அங்குக் காலரா தோன்றி இருவர் மாண்டதும், ஏறத்தாழ 200 பேர் கொண்ட அப்பகுதியில் 116 பேர் ஊசி இட்டுக்கொண்டனர். அதன்பின் பத்துப் பேருக்கு நோய் கண்டு எழுவர் இறந்தனர். அவர்கள் அனைவரும் ஊசி இடாதவர்களே.

அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்கும் ஆயிரக்கணக்கில் ஊசியிடப்பட்டது. தோட்டத் தொழிலாளர், படைவீரர், சிறைக்கைதிகள் ஆகியோரிடமே தொடக்ககாலத் தடுப்பூசிகள் பெரிதும் சோதிக்கப்பட்டன. மறுத்துரைக்கும் உரிமை அவர்களுக்கு எவ்வளவு இருந்தது என்ற கேள்வியை நாம் எழுப்பாமல் இருக்க முடியாது. மருத்துவம் பெற்ற வெற்றிகளில் ஏழை மக்களின் உடல்கள் கொடுத்த பங்கு பெரும்பாலும் ஏட்டில் எண்ணாக மட்டுமே நிற்கிறது. ஹாஃப்கினைப் போற்றும்போது அவர்களையும் நினைவுகூர்தல் நம் கடமையாகும்.

பம்பாயில் பிளேக்

1896-ஆம் ஆண்டு செப்டம்பரில், இன்று மும்பை எனப்படும் பம்பாயில் பிளேக் தோன்றியது. செல்வர்களும் வணிகர்களும் நகரை விட்டு ஓடினர். மலக்கூடங்களையும் சாக்கடைகளையும் துப்புரவு செய்த தொழிலாளர்களும் போய்விட்டால் நகரமே அழியும் என்று நகராட்சி அஞ்சியது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் கையில்தான் அப்பெருநகரின் உயிர் இருந்தது என்பதைக் கொள்ளை நோய் உணர்த்தியது.

அக்டோபரில் அரசு ஹாஃப்கினைப் பம்பாய்க்கு அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு நடைபாதையும் அவருக்கு ஒதுக்கப்பட்டன. உதவிக்கு ஓர் எழுத்தரும், ஆய்வுப் பயிற்சி ஏதுமில்லாத மூன்று ஏவலர்களும் தரப்பட்டனர். இவர்களை வைத்துக்கொண்டே அவர் வேலையைத் தொடங்கினார். பிளேக்கின் கிருமி இரண்டாண்டுகளுக்கு முன்புதான், 1894-இல், ஹாங்காங்கில் கண்டறியப்பட்டிருந்தது. அது எந்த உணவில் செழிக்கும், எந்த வெப்பத்தில் பெருகும் என்பதையெல்லாம் அவரே ஆராய வேண்டியிருந்தது.

முதற்சிக்கல் உணவிலேயே எழுந்தது. ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் மாட்டிறைச்சிச் சாறே வழக்கம். பெப்டோன் செய்யப் பயன்படும் பெப்சின் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. இந்துக்கள் முன்னதை ஏற்கமாட்டார். இசுலாமியர் பின்னதை ஏற்கமாட்டார். ஹாஃப்கின் இரண்டையும் விடுத்தார். ஆட்டிறைச்சியைக் கொத்தி, ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து வேகவைத்துச் செரிக்கச் செய்து, பின் காஸ்டிக் சோடாவால் புளிப்பை முறித்து, வடிகட்டி ஊட்டநீர் ஆக்கினார். உண்ணும் உணவைக் காட்டியே இழிவுபடுத்தப்பட்ட நமக்கு இச்செய்தி சிந்தனைக்குரியது. கிருமிக்கு மாடும் ஆடும் ஒன்றே. அது தேடுவது புரதத்தை மட்டுமே. ஆனால் மருந்து சென்று சேர வேண்டியது மனிதரிடம். மனிதர் அஞ்சி ஒதுங்கினால் எத்துணை நல்ல மருந்தும் புட்டியிலேயே தங்கிவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அடுத்து அவர் செய்தது வியப்புக்குரியது. குடுவையிலுள்ள ஊட்டநீரின்மேல் சில துளி நெய்யையோ தேங்காய் எண்ணெயையோ மிதக்கவிட்டார். பிளேக் கிருமி அத்துளிகளின் அடியைப் பற்றிக்கொண்டு, ஆலமரத்தின் விழுதுகள் போல நீருக்குள் நீண்டு தொங்கி வளர்ந்தது. குடுவை சிறிது அசைந்தாலும் விழுதுகள் அறுந்து அடியில் படிந்துவிடும். எனவே அசைவற்ற இடத்தில், இருளில் வைத்தனர். சில நாட்களுக்கு ஒருமுறை வேண்டுமென்றே குலுக்கி விழுதுகளை உதிர்த்தனர். மேலே மீண்டும் புதிய விழுதுகள் இறங்கின. இப்படி ஐந்தாறு வாரங்களில் ஒரு குடுவையில் ஏராளமான கிருமி விளைந்தது. பம்பாயின் இயல்பான வெப்பமே அக்கிருமிக்கு இசைந்ததாக இருந்தது.

விழுது இறங்குவது ஓர் அடையாளமாகவும் பயன்பட்டது. வேறு கிருமி கலந்திருந்தால் வளர்ச்சியின் தோற்றம் மாறிவிடும். அதனோடு நில்லாது, ஒவ்வொரு குடுவையிலிருந்தும் ஒரு துளி எடுத்து அகாரின்மேல் பூசித் தூய்மையைச் சோதித்தனர். தேறியவற்றை மட்டும் 65 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் ஒரு மணி நேரம் வைத்துக் கிருமிகளைக் கொன்றனர். பின் நூற்றில் அரைப்பங்கு கார்பாலிக் அமிலம் சேர்த்துப் புட்டிகளில் அடைத்தனர். இறந்த கிருமி நோய் தராது. ஆனால் உடல் அதனைக் கண்டு எதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கிக்கொள்ளும். இதுவே பிளேக் தடுப்பூசி.

1897-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் ஹாஃப்கின் அதனையும் முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார். பிறருக்குக் கொடுக்க எண்ணியிருந்த அளவினும் பன்மடங்கு மிகுதியாகச் செலுத்திக்கொண்டு, கடுங்காய்ச்சலைத் தாங்கினார். அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊசி இட்டுக்கொள்ள முன்வந்தனர். அடுத்து வந்த நாட்களில் ஊசி இடாதவருள் 12 பேருக்கு நோய் கண்டு அறுவர் இறந்தனர். ஊசி இட்டவருள் இருவருக்கு நோய் கண்டது, இருவரும் பிழைத்தனர். இத்தடுப்பூசி முழுக் காவல் அன்று என்பதை ஹாஃப்கின் மறைக்கவில்லை. ஆயினும் வேறு காவலே இல்லாத காலத்தில் அது பெருந்துணையாயிற்று. ஆகா கான் தாமே ஊசி இட்டுக்கொண்டு, தம் கோஜா சமூகத்தாரையும் இட்டுக்கொள்ளச் செய்தார். ஆய்வுக்கூடத்திற்குத் தம் மாளிகையொன்றையும் தந்துதவினார்.

அதே ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள், புனே நகரில் அன்னை சாவித்திரிபாய் புலே பிளேக்கினால் மறைந்தார். தாழ்த்தப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் பள்ளி திறந்த அப்பெருமாட்டி, பிளேக் கண்ட மகார் குலத்துச் சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது அந்நோய் அவரைப் பற்றியது. பம்பாயில் தடுப்பூசி பிறந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. மருந்து ஒன்று கண்டுபிடிக்கப்படுவதும், அது நம்மவர் இருக்குமிடம் வந்து சேர்வதும் வெவ்வேறு செய்திகள் என்பதை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

1899-இல் பரேல் பகுதியிலிருந்த பழைய அரசினர் மாளிகை ஹாஃப்கினின் ஆய்வுக்கூடமாயிற்று. ஆளுநர்கள் விருந்துண்ட கூடங்களில் ஊட்டநீர்க் குடுவைகள் வரிசையாக நின்றன.

முல்கோவால் துயரம்

1902-இல் பஞ்சாபில் பிளேக் கடுமையாகப் பரவியது. இலட்சக்கணக்கில் ஊசி மருந்து வேண்டுமென்று அம்மாகாண அரசு கேட்டது. ஐந்தாறு வாரங்கள் காத்திருக்கும் பழைய முறையில் அத்தனையும் ஆக்க இயலாது. எனவே ஹாஃப்கின், கிருமியை அகாரின்மேல் விரைவாக வளர்த்து, நீரால் கழுவி எடுத்து, வெப்பத்தால் கொல்லும் முறையை மேற்கொண்டார். வெப்பமே போதுமென்பதால் கார்பாலிக் அமிலத்தை விடுத்தார்.

அக்டோபர் 30-ஆம் நாள் முல்கோவால் என்னும் ஊரில் 107 பேருக்கு ஊசியிடப்பட்டது. அவர்களுள் 53 என் என்று குறியிடப்பட்ட ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேருக்குச் சில நாட்களில் இரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் கண்டது. பத்தொன்பது பேரும் மாண்டனர். நோயைத் தடுக்க நம்பிக் கையை நீட்டிய எளிய சிற்றூர் மக்கள் அவர்கள். இவ்வரலாற்றில் முதலில் துக்கம் கொண்டாட வேண்டியது அவர்களுக்கே.

அரசு விசாரணைக் குழு அமைத்தது. நஞ்சு புட்டி திறக்குமுன்பே, ஆய்வுக்கூடத்திலேயே புகுந்தது என்றும், கார்பாலிக் அமிலத்தை விடுத்தது தவறென்றும் குழு முடிவு கூறியது. ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். 1904-இல் இந்தியாவை விட்டுச் சென்றார். அவர் மருத்துவப் பட்டம் பெறாதவர், அயல்நாட்டார், யூதர். இம்மூன்றும் சேர்ந்தே அவர்மேல் ஐயம் எளிதில் விழச் செய்தன என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். அதே காலத்தில் பிரான்சில் டிரைஃபஸ் என்னும் யூதப் படைத்தலைவர் பொய்க்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டு, 1906-இல்தான் குற்றமற்றவரென அறிவிக்கப்பட்டார். ஹாஃப்கினின் வழக்கும் அதனோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டது.

விசாரணை ஏடுகள் முழுமையாக வெளிவந்தபின், அறிஞர்கள் அவற்றைப் படித்து வியந்தனர். அன்று முல்கோவாலில் புட்டியின் தக்கையைத் திறக்கும் இடுக்கி தரையில் விழுந்திருந்தது. உதவியாளர் அதனைக் கார்பாலிக் நீரில் ஒருமுறை அலசி, அதனாலேயே புட்டியைத் திறந்திருந்தார். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் வாழ்பவை. அந்த ஓர் அலசலால் மடியாதவை. அப்புட்டி ஆய்வுக்கூடத்தில் நிரப்பப்பட்டு 41 நாட்கள் ஆகியிருந்தன. அன்றே கிருமி புகுந்திருந்தால் ஊட்டமுள்ள அந்நீரில் பெருகி நஞ்சு நிறைந்திருக்கும், துர்நாற்றம் வீசியிருக்கும், ஊசி இட்டவரை உடனே தாக்கியிருக்கும். புட்டியைத் திறந்த மருத்துவர் எந்த நாற்றத்தையும் உணரவில்லை. நோய் தோன்ற ஒரு வாரம் அளவில் ஆயிற்று. புதிதாகப் புகுந்த கிருமி உடலுக்குள் வளர எடுக்கும் காலம் அது. ஒரே குடுவையிலிருந்து நிரப்பிய மற்றப் புட்டிகளால் எவர்க்கும் தீங்கு நேரவில்லை. இத்தனை சான்றுகளும் ஏட்டிலேயே இருந்தும் எடைபோடப்படவில்லை.

இலண்டனின் லிஸ்டர் நிலையமும் குற்றச்சாட்டு நிலைநாட்டப்படவில்லை என்றே கண்டது. மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் முன்னின்று, அறிஞர் பதின்மர் கையொப்பமிட்ட மடல் 1907 ஜூலையில் இலண்டன் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்தது. அவ்வாண்டு இறுதியில் அரசு ஹாஃப்கினைப் பழியிலிருந்து விடுவித்தது. துயரம் நேர்ந்து ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன.

இறுதி நாட்கள்

அவர் மீண்டும் இந்தியா வந்தார். பரேலின் தலைமைப் பதவி அவருக்குத் திரும்பக் கிட்டவில்லை. கல்கத்தாவில் வேறொரு ஆய்வுக்கூடம் தரப்பட்டது. புதிய தடுப்பூசிகளை மக்களிடம் சோதிக்க அவருக்கு இசைவு தரப்படவில்லை. 1914-இல் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த அவர், தம் முன்னோரின் மார்க்கத்தில் ஆழ்ந்து, இறுதிக்காலத்தில் தம் செல்வத்தைக் கிழக்கு ஐரோப்பாவிலுள்ள யூத சமயக் கல்விக்கூடங்களுக்கு அறக்கட்டளையாக்கினார். 1930 அக்டோபர் 26-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மறைந்தார்.

1925-இலேயே பரேல் ஆய்வுக்கூடத்திற்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது. அவரைப் பதவியிலிருந்து விலக்கிய அதே இடம் அவர் பெயரைத் தாங்கி இன்றும் நிற்கிறது. 1964-இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. பிளேக்கைத் தீர்க்கும் மருந்துகள் பின்னர் வந்துவிட்டன. அவர் கண்ட பழைய தடுப்பூசி இன்று வழக்கில் இல்லை. எனினும் கொன்ற கிருமியால் காவல் தேடும் வழியில் அவர் இட்ட அடி மருத்துவ வரலாற்றில் நிலைத்துவிட்டது.

நாம் கொள்ள வேண்டியவை

இளைஞர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் இரண்டு செய்திகளைக் கொள்ளலாம். ஒன்று, வேலையில் தூய்மை. கருத்துடன் ஆக்கிய மருந்தும், ஆய்வுக்கூடம் முழுவதன் உழைப்பும், தரையில் விழுந்த ஓர் இடுக்கியால் நஞ்சாயின. ஊட்டமிக்க உணவு நல்லதையும் வளர்க்கும், தீயதையும் வளர்க்கும். ஆகவே அடைப்பைக் கட்டுபவரும், இடுக்கியைச் சுடுபவரும், குடுவையைக் கழுவுபவரும் செய்வது சிறு வேலையாகாது. அதே வேளையில், அந்த உதவியாளரை மட்டும் பழித்து நாம் அமைந்துவிடக் கூடாது. அவருக்குக் காரணத்தைச் சொல்லிக் கற்பித்திருந்தால், இடுக்கியைத் தீயில் காட்டியிருப்பார். கடைநிலையில் நிற்பவருக்கும் அறிவைக் கொடுக்காத அமைப்பில் உயிர்ச்சேதம் நேர்ந்தே தீரும்.

மற்றொன்று, சான்று. பிறப்பால் புறத்தே நிறுத்தப்பட்டோர்மேல் ஐயம் முதலில் விழுகிறது. இதை நாம் பள்ளியிலும் பணியிடத்திலும் கண்டிருக்கிறோம். ஹாஃப்கினை மீட்டது புட்டியின் எண், நிரப்பிய நாள், திறந்த விதம், நோய் கண்ட நாள் என ஏட்டில் ஏறியிருந்த செய்திகளே. அவற்றைப் படித்துப் பொருள் காணும் கல்வியுடையோர் அவருக்காக எழுந்து பேசினர். அவரைப் போல் எழுந்து பேசுவார் இல்லாமல் பழி சுமந்து மடிந்தோர் எத்தனையோ பேர். அத்தகையோர்க்காகப் பேசத் தக்கவர்களை உருவாக்கவே இச்சங்கம் தோன்றியது.

வெற்று நீரில் விதைத்த கிருமி பெருகுவதில்லை. அதனால் அதற்கு ஆற்றல் இல்லையென்று எந்த அறிவியலாரும் கூறார். உரிய ஊட்டம் அளித்துப் பார்த்த பிறகே அதன் இயல்பை முடிவு செய்வர். நம் பிள்ளைகளுக்கும் நூலும் விடுதியும் விளக்கொளியும் அளித்துப் பார்த்த பிறகே உலகம் அவர்களின் தகுதியைப் பேச வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் செய்துவரும் பணி அதுவே. வரும் ஆண்டுகளிலும் அதனைத் தளராது செய்வோமாக!